கனத்த உடம்பும் பாரசூட்டும்

சென்ற ஆண்டு கணபதி விசர்ஜனம் முடிந்த மறுநாள், என் தங்கை மகள் செம்பூரிலிருந்து எங்கள் முலுண்ட் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து நான் ஈஸிசேரில் சாய்ந்ததும், மாமிக்குக் கேட்காத குரலில், "மாமா, நீங்கள் இன்ஜினியர்தானே, ஒரு சந்தேகம். ஒரு ஃபாரத்தில் என் எடையை 89 கிலோ என்று எழுதியிருக்கிறேன். நிஜத்தில் 96. ஏழு கிலோதானே, என்ன ஆகிவிடும்?" என்றாள்.

என்ன ஃபாரம் என்று கேட்டேன். ஆபீஸ் சிநேகிதிகள் ஐந்து பேர் டிசம்பரில் வளைகுடா நாடு ஒன்றுக்குச் சுற்றுலா போகிறார்களாம். அங்கே 13,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து பாரசூட்டோடு குதிக்க ஏற்பாடு. அந்த இடத்தில் பெண்களுக்கு எடை வரம்பு 90 கிலோ. உண்மையை எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று 89 போட்டிருக்கிறாள்.

மெல்லப் பேசியது வீண். சமையலறையிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள். "குதிக்கிறதாவது! உனக்கென்ன தலையெழுத்தா?" என்று ஆரம்பித்தாள். அவளுக்குக் குதிப்பதுதான் கவலை. எனக்கோ அந்த 89தான் கவலை.

அன்று மாலை வரை அவளுக்கு நான் சொன்னதையும், பிறகு புத்தகங்களைப் புரட்டியும் குதித்துப் பழகியவர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டதையும் நம் சங்கத்து அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 2011ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' என்ற இந்திப் படத்தில் மூன்று நண்பர்கள் ஸ்பெயின் நாட்டில் குதிப்பதைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. நம் வீடுகளில் கனமான உடம்புக்காரர்களும் குறைவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேகனின் விலாவில் எழுதியது

ரயில்வேயில் சரக்கு வேகன் ஒவ்வொன்றின் விலாவிலும் அதன் வெற்று எடையும் அது ஏற்கக்கூடிய பாரமும் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்று எடை 22.47 டன். முதலில் அதற்கு விதித்த பாரம் 58.81 டன். கூட்டினால் 81.28 டன். நான்கு அச்சுகளுக்குப் பங்கிட்டால் அச்சு ஒன்றுக்கு 20.32 டன். தண்டவாளம், பாலம், பிரேக் எல்லாமே இந்தக் கணக்கை நம்பித்தான் அமைந்திருக்கின்றன. எழுதி வைத்திருப்பதால் வேகனுக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

அதே வேகனின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் 'காலி', மறுபக்கம் தள்ளினால் 'பாரம்'. பாரம் ஏற்றிய வண்டிக்குப் பிரேக் அதிகம் பிடிக்கவேண்டும், காலி வண்டிக்குக் குறைவாகப் பிடிக்கவேண்டும். பாரம் ஏற்றிவிட்டுக் கைப்பிடியைக் 'காலி' பக்கமே விட்டுவிட்டால், இறக்கத்தில் டிரைவர் பிரேக் போடும்போது வண்டி நிற்காது. காலி வண்டியில் கைப்பிடி 'பாரம்' பக்கம் இருந்தால் சக்கரம் சுழலாமல் இழுபட்டு ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். இரண்டும் கெடுதல்தான். பணியில் இருந்த காலத்தில் இந்தக் கைப்பிடிகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கு முதுகு வளைந்தது.

"உன் ஃபாரத்தில் இருக்கும் 89 அந்தக் கைப்பிடி மாதிரி. நீ பாரம், கைப்பிடி காலியில் இருக்கிறது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னை வேகன் என்கிறீர்கள்" என்று கோபமும் வந்தது.

குடையை மாற்றினார்கள், ஆளை அல்ல

கனமானவர்கள் பாரசூட்டில் இறங்கவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். ராணுவத்தில் தினமும் நடக்கிற காரியம் அது. இந்திய ராணுவத்தினரில் முதன்முதலாகப் பாரசூட்டில் குதித்த இருவரில் ஒருவர் நம் சென்னை மாகாணத்துக்காரர், டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். 1941 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியில் வாலன்ஷியா என்ற பழைய விமானத்திலிருந்து அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் குதித்தார்கள். பின்னால் கொரியப் போரில், 1951 மார்ச் 23 அன்று, அமெரிக்கப் படையினரோடு முன்சானில் பாரசூட்டில் இறங்கிக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த இந்தியக் குழுவுக்குத் தலைவரும் இவரே. அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. இந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ராணுவத்தில் குதிக்கிற ஆள் ஒல்லியாக இருந்தாலும் துப்பாக்கி, தோட்டா, உணவு, மூட்டை என்று அவனோடு சேர்ந்து இறங்கும் பாரம் பெரியது. ஆகவே ஒரு தந்திரம் செய்வார்கள். தரையை நெருங்கும்போது மூட்டையை அவிழ்த்து நீளக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். மூட்டை முதலில் தரையைத் தொடும். அந்தக் கணமே குடைக்குப் பாரம் குறைந்து, ஆள் சற்று மெதுவாக இறங்குவான்.

அமெரிக்கத் தரைப்படையில் பல பத்தாண்டுகள் பயன்பட்ட டி-10 என்ற வட்டக் குடைக்கு வரம்பு, ஆளும் சாமானும் சேர்த்து 360 பவுண்டு, அதாவது சுமார் 163 கிலோ. காலம் போகப் போகச் சிப்பாய்கள் சுமக்கும் சாமான் கூடிக்கொண்டே வந்தது. கணுக்காலும் முழங்காலும் அடிபட்டன. கடைசியில் டி-11 என்ற பெரிய குடையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு வரம்பு 400 பவுண்டு. இறங்கும் வேகமும் விநாடிக்கு 22, 23 அடியிலிருந்து 19 அடிக்குக் குறைந்தது. பாரம் கூடியதென்று தெரிந்ததால் குடையை மாற்றினார்கள். தெரியாமல் இருந்திருந்தால்?

விழுவது பெரிய விஷயமல்ல

என் மனைவியின் பயம் முழுக்க விழுவதைப் பற்றியது. உண்மையில் விழுவதில் கனமானவருக்கும் மெலிந்தவருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கனமான கல்லும் லேசான கல்லும் ஒன்றாக விழும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது காற்றில்லாத இடத்துக்கு. காற்றில் விழும்போது வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். பத்துப் பன்னிரண்டு விநாடியில் எதிர்ப்பும் எடையும் சமமாகிவிடும். அதன்பின் வேகம் ஏறாது. இதைத்தான் பாடப்புத்தகத்தில் முற்றுத் திசைவேகம் என்கிறார்கள். வயிறு கீழே பார்க்க, கைகாலை விரித்து விழும் சராசரி மனிதருக்கு அது மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர். நம் ராஜதானி எக்ஸ்பிரஸைவிட வேகம்தான். ஆனால் அங்கே முட்டிக்கொள்ள எதிரே ஒன்றும் இல்லை.

இந்த வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 70 கிலோ ஆளையும் 100 கிலோ ஆளையும் ஒப்பிடுவோம். இருவரின் உடற்பரப்பும் ஒன்றே என்று வைத்தால் கனமானவர் சுமார் 20 சதவீதம் வேகமாக விழுவார். ஆனால் கனமானவரின் பரப்பும் அதிகமல்லவா? எடைக்குத் தக்கபடி எல்லாப் பக்கமும் பெருத்திருக்கிறார் என்று வைத்தால் வித்தியாசம் சுமார் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

இதனால் ஆபத்து பெரிதாக இல்லை. சிக்கல் ஆசிரியருக்குத்தான். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலேயே விழுந்தால்தானே கையைப் பிடித்துத் திருத்தமுடியும்? மாணவர் வேகமாக விழுந்தால் ஒல்லி ஆசிரியர் மேலேயே தங்கிவிடுவார். ஆகவே கனமான மாணவருக்குத் தொளதொளவென்ற உடுப்பு மாட்டுவார்கள். துணி காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஒல்லியான ஆசிரியர் ஈயக் குண்டு வைத்த சட்டை போட்டுக்கொண்டு தன் எடையைக் கூட்டிக்கொள்வார். உலகத்தில் எடை கூட்டிக்கொள்ளக் காசு செலவழிக்கும் ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

துணி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் மகாராஷ்டிரத்துப் புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2018 பிப்ரவரியில் தாய்லாந்தில் ஒன்பது கஜ நவ்வாரிப் புடவை கட்டிக்கொண்டு குதித்தார். படபடக்கிற முந்தானை கைப்பிடியையோ கயிற்றையோ மறைத்தால் விபரீதம். அதனால் புடவையை அங்கங்கே இறுகக் கட்டிப் பாதுகாப்புச் செய்துகொண்டுதான் குதித்தார். இதே ஷீதல் 2004 ஏப்ரலில் தம் வாழ்க்கையின் முதல் குதிப்பையே வட துருவத்தில் செய்தவர். மாட்டுங்காவில் மடிசார் கட்டும் மாமிகள் இந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விசாரிக்க ஆசை.

குடை விரிவதும் தரை தொடுவதும்

கனம் உண்மையாகவே கணக்கில் வருவது இரண்டு இடங்களில். குடை விரியும்போது ஒன்று, தரையில் கால் வைக்கும்போது ஒன்று.

மணிக்கு 190 கிலோமீட்டரில் விழுந்துகொண்டிருக்கும் உடம்பைக் குடை மூன்று நான்கு விநாடியில் அடக்குகிறது. அந்தச் சமயத்தில் வார்ப்பட்டைகளில் விழும் இழுப்பு உச்சத்தில் உடல் எடையைப் போல் மூன்று நான்கு மடங்கு வரை போகலாம். குடை ஒரே அடியில் விரியாமல் நிதானமாக விரிய, கயிறுகளுக்கு நடுவே ஒரு சிறு சதுரத் துணி வைத்திருப்பார்கள். அது மேலிருந்து மெல்ல வழுக்கிக் கீழே வரவரத்தான் குடை அகலும். 60 கிலோவுக்கு மூன்று மடங்கு 180. 96 கிலோவுக்கு 288. தொடை வார் சரியான அளவில் இல்லாவிட்டால் இந்த இழுப்பு முழுவதும் தப்பான இடத்தில் விழும். ஆகவே கனமானவர் முதலில் கேட்கவேண்டியது, "உங்களிடம் என் அளவுக்கு வார்ப்பட்டை இருக்கிறதா?" என்பது. இறுக்கி எப்படியோ மாட்டிவிடுகிறேன் என்று சொல்கிற இடத்திலிருந்து வந்துவிடலாம்.

இதைவிட முக்கியம், மாற்றுக் குடை. முதல் குடை கெட்டால் திறப்பதற்கு முதுகில் இன்னொரு குடை இருக்கும். அதற்கு எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் தாங்கும் என்று சோதித்துச் சான்று கொடுத்திருப்பார்கள். அமெரிக்கத் தரத்தில் ஒரு பழைய வகைக்கு வரம்பு 254 பவுண்டு, அதாவது 115 கிலோ. இது ஆளும் கருவியும் சேர்ந்த எடை என்பதை மறக்கக் கூடாது. கருவிகளே 12 முதல் 15 கிலோ வரும். 96 கிலோ ஆள் 110 ஆகிவிடுவார். 89 என்று எழுதியவருக்கு 103 என்று கணக்குப் போடுவார்கள்.

மாற்றுக் குடையைத் தானாகவே திறக்கும் ஒரு சிறு கருவியும் உண்டு. ஜெர்மனியில் 1991ல் வந்த சைப்ரஸ் என்ற கருவி இதில் பேர்பெற்றது. தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் ஆள் இன்னமும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் அது மாற்றுக் குடையின் கயிற்றை வெட்டித் திறந்துவிடும். மயங்கிப்போனவரைக்கூட அது காப்பாற்றும். ஆனால் உங்கள் எடை என்ன என்று அதற்குத் தெரியாது. திறந்த குடை உங்களைத் தாங்குமா என்பது நீங்கள் ஃபாரத்தில் எழுதியதைப் பொறுத்தது.

இனி தரை. இன்றைய குடைகள் வட்டமாக இல்லாமல் நீள்சதுரமாக இருக்கின்றன. அவை விமான இறக்கை போலக் காற்றை வெட்டிக்கொண்டு முன்னேறும். ஆளும் கருவியும் சேர்ந்த எடையைப் பவுண்டில் எழுதி, குடையின் பரப்பைச் சதுர அடியில் எழுதி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் குடைப் பாரம். எங்கள் அச்சுப் பாரத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பழகுகிறவர்களுக்கு இது ஒன்றுக்குக் கீழேயே இருப்பது நல்லது.

ஒரு கணக்கு பார்ப்போம். 60 கிலோ பெண், கருவியோடு 72 கிலோ, அதாவது 159 பவுண்டு. 240 சதுர அடிக் குடை. வகுத்தால் 0.66. என் தங்கை மகள் அதே குடையில் தொங்கினால் 110 கிலோ, அதாவது 242 பவுண்டு. வகுத்தால் 1.01. பறக்கும் வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதால், இவள் 24 சதவீதம் வேகமாகத் தரைக்கு வருவாள். எடையும் அதிகம், வேகமும் அதிகம். இரண்டும் சேர்ந்து, தரையில் முட்டும்போது அடக்கவேண்டிய ஆற்றல் 2.3 மடங்கு ஆகிவிடுகிறது. எடை ஒன்றரை மடங்குதான், ஆனால் முழங்காலுக்கு வரும் வேலை இரண்டேகால் மடங்குக்கு மேல். இதை 280 சதுர அடிக் குடையாக மாற்றினால் எண் 0.87க்கு இறங்கி, ஆற்றல் இரண்டு மடங்கு என்ற அளவில் நிற்கும். இன்னும் பெரிய குடை கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் எல்லோருக்கும் மிகப் பெரிய குடையையே கொடுத்துவிட்டால் என்ன? காலி வேகனை நினைத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ பெண்ணை 300 சதுர அடிக் குடையில் தொங்கவிட்டால் முன்னேறும் வேகம் போதாமல், எதிர்க்காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும். தரைதொட்ட பிறகும் குடை அவளை இழுத்துக்கொண்டு ஓடும். மெலிந்தவர்களும் எடையைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

தரையை நெருங்கியதும் இரண்டு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுக்கவேண்டும். குடையின் பின்விளிம்பு கீழே மடங்கி வேகம் அடங்கும். குளத்தில் இறங்கும் கொக்கு கடைசி நொடியில் இறக்கையை விரித்துத் தன்னை நிறுத்திக்கொள்வது போலத்தான். அதைச் சரியாகச் செய்தால் மாடிப்படியில் கடைசிப் படியிலிருந்து இறங்குவது போல இருக்கும் என்கிறார்கள். தப்பாகிவிட்டால் விறைப்பாக நிற்க முயலாமல், கால்களைச் சேர்த்து வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாகத் தரையில் உருண்டுவிட வேண்டும். ராணுவத்தில் இதை முதலில் தரையிலேயே நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைப்பார்கள். கனமானவர்கள் இந்த ஒரு பயிற்சியில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது.

எப்படிக் கற்பது

ஒருமுறை அனுபவம் போதும் என்பவர்களுக்கு டாண்டம். ஆசிரியரின் மார்போடு உங்களைக் கட்டி, இருவருக்கும் ஒரே பெரிய குடை. 1980களில் அமெரிக்காவில் உருவான முறை. இருவர் சேர்ந்து விழுந்தால் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர் வரை போகும். அதைத் தடுக்க ஆசிரியர் ஒரு குட்டிக் குடையை முதலிலேயே பின்னால் இழுபட விட்டுவிடுவார். எங்கள் சரக்கு வண்டியின் கடைசியில் பிரேக் வான் வருவது போல. அந்தக் கட்டுக்குள் வேகம் 190, 200 அளவில் நிற்கும். பெரிய குடை 330 முதல் 400 சதுர அடி வரை இருக்கும்.

பல டாண்டம் கருவிகளுக்கு மொத்த வரம்பு 500 பவுண்டு, சுமார் 227 கிலோ. ஆசிரியர், பயணி, கருவி எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். ஆகவே பயணி கனமென்று முன்கூட்டித் தெரிந்தால் லேசான, ஆனால் அனுபவமுள்ள ஆசிரியரை அவருக்கு ஒதுக்குவார்கள். பொய் எடை எழுதினால் இந்த ஜோடி தப்பாகிவிடும். விமானமும் பெரும்பாலும் சின்ன விமானம். எடையும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் பைலட்டின் கணக்கில் உண்டு. ஐந்து சிநேகிதிகளும் ஆளுக்கு ஏழு கிலோ மறைத்தால் 35 கிலோ!

டாண்டத்தில் கனமானவர்களுக்கு உண்மையான சோதனை ஒன்று உண்டு, யாரும் முன்னால் சொல்வதில்லை. இறங்கும்போது பயணி இரண்டு கால்களையும் நேராக நீட்டி இடுப்பளவு தூக்கிக்கொள்ள வேண்டும். பயணியின் கால் முதலில் தரையில் மாட்டினால் பின்னால் இருக்கும் ஆசிரியரின் எடையும் அதன் மேலேயே வந்து விழும். தொப்பை உள்ளவர்களுக்குக் காலைத் தூக்குவது கஷ்டம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளால் முழங்காலுக்குக் கீழே பிடித்து இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கிப் பத்து விநாடி வைத்திருக்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். முடிந்தால் 95 கிலோவும் ஒரு பொருட்டல்ல. முடியாவிட்டால் 75 கிலோவாக இருந்தாலும் முதலில் அதைப் பழகவேண்டும். நான் முயன்றேன். நான்கு விநாடி.

தனியாகக் குதிக்கக் கற்பவர்களுக்கு இரண்டு வழி. பழைய வழியில் விமானத்தோடு கட்டிய நாடா ஒன்று குதித்தவுடனே குடையை இழுத்துத் திறந்துவிடும். உயரமும் குறைவு. இன்னொன்று, அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் வந்த துரிதப் பயிற்சி. முதல் நாளே மேலிருந்து இரண்டு ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். ஏழெட்டுப் படிகள். அமெரிக்கச் சங்கத்தின் முதல் நிலை லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். இதில் குடையைத் திறக்கும் பிடி முதுகுப் பையின் அடியில் இருக்கும். தோள் இறுகியவர்களுக்கும் புஜம் பருத்தவர்களுக்கும் கை அங்கே எட்டாமல் போகலாம். தரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை தொட்டுப் பார்த்த பிறகே மேலே போகவேண்டும். கீழிருந்து காற்றைப் பீய்ச்சும் காற்றுச் சுரங்கங்கள் இப்போது சிங்கப்பூர் போன்ற ஊர்களில் உள்ளன. விழும் நிலையில் உடம்பை நிறுத்தக் கற்க அது அருமையான இடம். தரை சில அடி தூரம்தான்.

முழங்கால், முதுகு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டும். ஜலதோஷத்தோடு போகக் கூடாது, காது அடைத்து வலிக்கும்.

நம் நாட்டில் இந்த விளையாட்டு இன்னும் நிலைகொள்ளவில்லை. ராணுவத்தினருக்கு ஆக்ராவில் விமானப்படையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பொதுமக்களுக்கு மைசூர் போன்ற சில இடங்களில் அவ்வப்போது முகாம்கள் நடந்திருக்கின்றன. 2014 ஏப்ரலில் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் முதல் முறையாகக் குதித்த ஓர் இளம்பெண் குடை சரியாக விரியாமல் உயிரிழந்தார். அதற்கும் எடைக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி மறக்காத செய்தி அது. அவள் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. குடையை மடிப்பவர் யார், மாற்றுக் குடையை எப்போது பிரித்து மறுபடி மடித்தார்கள், தானே திறக்கும் கருவி உண்டா, இந்த மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் குதிக்கவேண்டாம்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியாவின் சார்பில் போட்டியில் குதித்த முதல் பெண் ரேச்சல் தாமஸ், எங்கள் ரயில்வேயில் ஊழியராக இருந்தவர். 1853 ஏப்ரல் 16ல் போரிபந்தரிலிருந்து தாணே வரை, இதோ நம் முலுண்ட் வழியாக, முதல் ரயில் ஓடியதல்லவா? அந்த 150ஆம் ஆண்டு நினைவாக 2002 ஏப்ரல் 20ல் அவர் வட துருவத்தின் மேல் 7,000 அடியிலிருந்து குதித்தார். 2005ல் பத்மஸ்ரீ பெற்றார்.

சரி, என் தங்கை மகள் கதைக்கு வருகிறேன். அன்று இரவே அந்த இடத்துக்கு உண்மை எடையை எழுதினாள். இரண்டே வரியில் மறுத்துப் பதில் வந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. டிசம்பரில் சிநேகிதிகள் நால்வர் குதிக்க, இவள் கீழே நின்று அவர்களின் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த நாலு நாளும் அவள் எங்களுக்குப் போன் செய்யவில்லை. நான் சொன்னது சரிதானா என்று எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஜனவரியிலிருந்து தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் எடை 96லிருந்து 94 ஆனது, அவ்வளவுதான். ஆனால் கால் முப்பது விநாடி நின்றது. ஏப்ரலில் தாய்லாந்து போனாள். அங்கே வரம்பு 105 கிலோ. 90க்கு மேல் உள்ளவர்களுக்குக் கூடுதல் கட்டணம். ஒல்லியான, நரைத்த ஆசிரியர் ஒருவரோடு சேர்த்துக் கட்டினார்களாம். இறங்கும்போது இருவரும் புல்லில் உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கிப்போய் நின்றார்கள். கால்சட்டையின் பின்புறம் முழுக்கச் சேறு, வேறு ஒன்றுமில்லை.

அங்கே ஒரு வழக்கம். தராசில் ஏற்றிப் பார்த்ததும் எடையைக் கறுப்பு மையில் புறங்கையில் எழுதிவிடுகிறார்கள். விமானத்தில் ஏறுமுன் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி அவள் எடுத்துக்கொண்ட போட்டோவில் 94 என்று பளிச்சென்று தெரிகிறது. அதைத்தான் பெரிதாகப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். என் தங்கை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "கையை அழித்துவிட்டு எடுத்திருக்கக் கூடாதா இவள்?" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.